எலிகளின் குடலும் அண்ணனின் குடலும்

காலை ஏழரைக்கு எலி வீட்டைத் திறப்பது என் வேலை. கதவுக்கு மேலே ‘ஆய்வு விலங்குப் பிரிவு’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தாலும், கம்பஸில் எல்லாரும் எலி வீடு என்றுதான் சொன்னார்கள். போரின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் வீடு இருந்த மஹய்யாவையிலிருந்து டவுனுக்கு நடந்தால் அங்கே ஒரு செக்கிங், பிறகு பஸ், கம்பஸ் வாசலில் இன்னொரு செக்கிங். கைப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, எலி வீட்டுக்கு வந்து சேரும்போதே பாதி நாள் வேலை செய்த அலுப்பு இருக்கும்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எலியாகத் தூக்கித் தராசில் வைப்பேன். எல்லாம் வெள்ளை எலிகள். நிறையைக் குறித்த பிறகு, கூண்டுத் தட்டில் கிடக்கும் புழுக்கைகளைப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பூச்சியம். இளகியிருந்தால் இரண்டு. வாலடியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீராகப் போயிருந்தால் நான்கு. இரத்தத்துக்கு வேறொரு நிரல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விடக்கூடாது. கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் தேய்த்து, மருந்து சொட்டி, நிறம் மாறுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

சுகமாக இருந்த அந்த எலிகளுக்கு நோயைக் கொடுத்தது நாங்கள்தான். குடிதண்ணீரில் ஒரு வெள்ளைத் தூளைக் கலந்து ஒரு வாரம் கொடுத்தால் போதும். பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாகி, வயிற்றோட்டமும் இரத்தமுமாக, மனிதருக்கு வரும் குடல் அழற்சியைப் போலவே ஒன்று எலிக்கும் வந்துவிடும். பிறகு, வேறு சுகமான எலிகளின் தொடையெலும்புக்குள் இருக்கும் மச்சையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, நோயாளி எலிகளின் வாலில் ஊசியால் ஏற்றி, குடல் ஆறுகிறதா என்று பார்ப்போம். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த மேடம் ஒருவர் தொடங்கிய ஆராய்ச்சி அது. சிங்களப் பெண்மணி. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நிரல் எழுதப்படாமல் இருந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வீட்டில் என் அண்ணனுக்கும் அதே நோய்தான்.

அண்ணன் மாநகரசபையில் கிளார்க். அப்பா அதே மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை செய்தவர். மஹய்யாவையில் இரண்டு அறை வீடு. அண்ணன், அண்ணி, நான், மூன்று பேரும்தான். கக்கூஸ் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம். அதன் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை வைத்தே அண்ணனுக்கு அன்று எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நல்ல நாளில் நாலைந்து தடவை. கெட்ட நாளில் எண்ணுவதை விட்டுவிடுவேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்களைப் பக்கத்து லய வரிசை வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் தன் வீட்டு விறகு அறைக்குள் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார். எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பத்து. சத்தம் போடாதே, வெளியே வராதே, எல்லாவற்றையும் அடக்கிக்கொள் என்று அண்ணனுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றைக்குப் பயந்த வயிறுதான் பிற்காலத்தில் இப்படி ஆகிவிட்டது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டொக்டரிடம் கேட்டபோது, பயத்தால் இந்த நோய் வருவதில்லை, ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். அம்மா அதை ஏற்கவில்லை. காரணம் இல்லாத நோயைவிட, காரணம் தெரிந்த நோய் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணனிடம் நான் நோயைப் பற்றி நேரே கேட்டதேயில்லை. அவர் கூச்சக்காரர். ஆனால் எலி வேலையில் நான் சேர்ந்த பிறகு எங்களுக்குள் ஒரு வழி திறந்தது. சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பார்.

“இன்னைக்கு எப்படி இருக்கு அதுங்க?”

“ரெண்டு எலி சாப்பிடவே இல்ல. முதுகக் கூனிக்கிட்டு மூலையில கெடக்குதுங்க.”

“வயித்துல வலி இருக்கும். கூனினா கொஞ்சம் நல்லாருக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் நான் அந்த எலிகளின் கூண்டில் மரத்தூளைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

செல் வளர்க்கும் வேலையைச் செய்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மேடத்தின் கீழே மேற்படிப்புக்கு வந்திருந்தாள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மெலிந்த உருவம், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் குடை. அவளுடைய சொந்த அக்கா, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தொலைபேசி நின்று பல மாதமாகியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள், அதுவும் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதுகளைப் பாத்துக்கொண்டிருந்தா வேற ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை அக்கா.”

எங்கள் ஆய்வுகூடத்தில் செல் வளர்க்கும் பெட்டி பழுதாகி, உதிரிப்பாகம் வரும் வரும் என்று காத்திருந்தோம். அதனால் அம்பிட்டியப் பக்கம் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் இடம் கேட்டு வாங்கியிருந்தார் மேடம். அவள் வாரத்தில் ஐந்து நாள் அங்கே போய் வந்தாள். எலிகள் இங்கே, செல்கள் அங்கே.

அந்த நாட்களில்தான் ஒரு காலை மஹய்யாவையைச் சுற்றி வளைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆண்களை எல்லாம் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் அடையாள அட்டையையும் மாநகரசபை அட்டையையும் எடுத்துக்கொண்டு போனார். அண்ணி பின்னாலேயே ஓடி மருந்துச் சீட்டையும் கொடுத்தார். வரிசை நீளம். வெயில் ஏறிவிட்டது. அண்ணன் ஒரு பொலிஸ்காரரிடம் போய், தனக்கு வயிற்று வருத்தம் இருக்கிறது, வீடு இதோ தெரிகிறது, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் ஏதாவது ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது, வரிசையில் நில் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை மருந்துச் சீட்டை நீட்டினார். அதை வாங்கிப் பார்க்கவில்லை.

பத்தரைக்கு அண்ணன் திரும்பி வந்தபோது நான் முற்றத்துக் குழாயடியில் நின்றேன். சட்டையை வெளியே எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தார். தெருவில் இருந்த எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். அவரைப் பார்க்காமல் இருக்க எல்லாரும் முயன்றார்கள், அதுவே அவருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கண்டதும், “நீ உள்ள போ” என்றார். நான் உள்ளே போனேன். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மாற்றிக் கட்ட ஒரு சாரத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் போட்டுவிட்டு வந்து, அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதார்.

அன்று நான் வேலைக்குப் பிந்திப் போனேன். எலிகளை நிறுத்தேன், எண்களை எழுதினேன். ஒரு கூண்டில் நான்கு என்று எழுதும்போது கை நின்றது. பிறகு எழுதினேன்.

நாலைந்து நாள் கழித்து அண்ணன் கேட்டார்.

“எலிக்கு ஏத்துறத மனுஷனுக்கு ஏத்த முடியாதா?”

“இப்ப முடியாது அண்ணே. முதல்ல எலியில சரி வரணும். பெறகு வேற மிருகம். மனுஷனுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும்.”

“ஒங்க மேடத்துக்கிட்ட கேட்டுப் பாரேன். நான் எழுதிக் குடுக்கிறேன். என்ன நடந்தாலும் என் பொறுப்புன்னு.”

“அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க. செய்யவும் கூடாது.”

“சரி. கேட்டேன், அவ்வளவுதான்.”

உண்மையில் நான் மேடத்திடம் கேட்டேன். அண்ணன் என்று சொல்லாமல், தெரிந்த ஒருவர் என்று சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆள் இப்போது என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று விசாரித்தார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். “அவர் உங்கள் வீட்டில் இருப்பவரா?” என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். பெரியாஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த சத்திரசிகிச்சை டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அண்ணன் அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். வெட்டுவது என்ற சொல்லை அவர் அப்போது கேட்கவே விரும்பவில்லை. எலிகளின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

முதல் தொகுதி எலிகளுக்கு ஊசி போடவேண்டிய நாள் வந்தது. ஒரு வாரம் தூள் கலந்த தண்ணீர் குடித்து எல்லா எலிகளும் மெலிந்துபோயிருந்தன. உதவிக்கென்று மேடம் என்னையும் அம்பிட்டியவுக்கு அனுப்பினார். மிஸ் விடியற்காலையிலேயே போய், தட்டில் ஒட்டியிருந்த செல்களைப் பிரித்து, கழுவி, எண்ணி, சிறு குழாய்களில் விட்டு, ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஐஸின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு மணித்தியாலத்துக்குள் எலிக்கு ஏற்றிவிட வேண்டும். த்ரீவீலரில் ஏறும்போது, “மடியில வச்சிருங்கோ அக்கா, குலுங்கக்கூடாது” என்றாள்.

ஏரிப்பக்கம் இறங்கும் இடத்தில் மறித்தார்கள். அன்று டவுனுக்குள் ஏதோ தகவல் வந்திருந்தது போலும், எல்லா வாகனத்தையும் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். என் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவளுடையதைப் பார்த்தவன் அதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டான். யாழ்ப்பாண முகவரி. வடக்கிலிருந்து வந்தவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே என்று கேட்டான். அவள் அதை ஹொஸ்டலில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அடுத்துப் பெட்டியைப் பார்த்தான்.

“மே மொனவாத?” என்றான். இது என்ன என்று அர்த்தம்.

அவள் என் பக்கம் சாய்ந்து, “நீங்க கதையுங்கோ அக்கா, எனக்குச் சிங்களம் வாயில வருகுதில்லை” என்றாள்.

எலிகளுக்கு ஏற்றும் மருந்து என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

“எலியைக் கொல்லும் மருந்துக்கு ஐஸ் எதற்கு?”

“கொல்ல இல்லை, குணமாக்க.”

அவன் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். “எலிக்கு வைத்தியம் செய்யப் போகிறார்களாம்.” இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் விடவும் இல்லை. பெரிய அதிகாரி வந்து பார்க்கும் வரைக்கும் பெட்டியைத் திறக்கக்கூடாது, எடுத்துப் போகவும் கூடாது என்றார்கள். மேடத்தின் தொலைபேசிக்கு அடித்தேன். அவர் விரிவுரையில் இருந்தார். மணற்சாக்குக்குப் பக்கத்தில் ஒரு வாங்கைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார்கள். பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வெயிலில் வைத்தார்கள். அதை நிழலுக்காவது எடுத்து வையுங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை ஒருவன் தோளில் தொங்கிய துவக்கின் நுனி படாமல், பூட்ஸ் காலால் மெல்ல நகர்த்தி மரத்தடிக்குத் தள்ளினான்.

அவள் அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். இரண்டு மணித்தியாலம் கடந்துவிட்டது என்று அப்போது எனக்கு விளங்கியது.

மேடம் தானே வந்து, கடிதம் காட்டி, எங்களைக் கூட்டிப்போகும்போது பின்னேரம் மூன்றாகிவிட்டது. எலி வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது, ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்ததுதான். உயிருள்ள செல்லுக்குள் அந்தச் சாயம் போகாது. செத்த செல் நீலமாகிவிடும். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டாள். பார்த்தேன். வானத்தில் மை கொட்டியதுபோல் எங்கும் நீலப் புள்ளிகள். இடையிடையே சில மட்டும் தெளிவாக மின்னின.

இருப்பதை ஏற்றிப் பார்க்கலாமா என்று மேடம் கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார், கட்டளையாக இல்லை. அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். என்னிடம் தமிழில் சொன்னாள். “அரைகுறையாப் போட்டிட்டு, எலிக்குச் சுகம் வரேல்லை எண்டு எழுதேலாது அக்கா. அது பொய்.”

புதிதாகச் செல் வளர்த்து எடுக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை அந்த எலிகளை நோயோடு வைத்திருக்க முடியாது, வைத்திருந்தாலும் கணக்கில் சேராது. மறுநாள் அவற்றையெல்லாம் வாயுப் பெட்டிக்குள் வைத்து முடித்தோம். அது என் வேலை. எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்று மட்டும் ஒவ்வொன்றையும் தூக்கும்போது அதன் நிறை கைக்குத் தெரிந்தது.

அண்ணனிடம் மறைக்கவில்லை, சொன்னேன். 

“சும்மா வருத்தம் வந்து, சும்மா செத்துச்சுங்களா?”

“ஆமா.”

அன்று அவர் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டாவது தொகுதி ஒழுங்காக நடந்தது. மேடமே தன் காரில் செல்களைக் கொண்டுவந்தார். பாதி எலிகளுக்குச் செல், மீதிப் பாதிக்கு வெறும் உப்புநீர். நான் எண்களை எழுதிக்கொண்டே வந்தேன். நாலாம் நாளிலிருந்து செல் ஏற்றிய எலிகளின் நிறை ஏறத் தொடங்கியது. இரத்தம் முதலில் அவற்றுக்குத்தான் நின்றது. அறுத்துப் பார்த்தபோதும் அவற்றின் குடலில் புண் குறைவாக இருந்தது. நோய்ப்பட்ட பெருங்குடல் சுருங்கிக் குட்டையாகிவிடும். இவற்றினுடையது அவ்வளவு சுருங்கியிருக்கவில்லை. அவள் அளவுகோலை வைத்து அளந்து, எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் அண்ணனுக்கு விவரமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“உப்புத்தண்ணி ஏத்தினதெல்லாம் செத்துப்போச்சா?”

“இல்ல. அதுங்களும் சுகமாயிட்டுத்தான் வந்துச்சு. ஆனா மெதுவா.”

“அது எப்படி?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுங்களுக்கு நோய் வந்ததே அந்தத் தூளாலதான் அண்ணே. தூளை நிப்பாட்டி நல்ல தண்ணி குடுத்தா, கொஞ்சங் கொஞ்சமா அதுவே ஆறிடும். செல் ஏத்தினா சீக்கிரம் ஆறுது. அவ்வளவுதான் இப்பத்திக்குத் தெரியும்.”

அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். “அப்ப அதுங்களுக்குத் தண்ணிய மாத்தினாப் போதும்.” கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்கு எந்தத் தண்ணிய மாத்துறது?”

 அண்ணி எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து மேடத்தின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். “நாளைக்குப் போறோம்” என்றார். அண்ணன் மறுக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், மருந்தால் இனித் தாங்காது, பெருங்குடலை எடுத்துவிட வேண்டும், வயிற்றில் ஒரு வாசல் வைத்து, மலம் சேர ஒரு பை கட்ட வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “அதுக்குப் பெறகு அடக்கிக்கிட்டு நிக்க வேண்டியதில்லையே?” டொக்டர் கொஞ்சம் விழித்துவிட்டு, “இல்லை” என்றார்.

சத்திரசிகிச்சை நடந்தது போர் முடிந்த வாரத்தில். வீதியெங்கும் பட்டாசு. வார்டில் யாரோ பால்சோறு பகிர்ந்தார்கள். எனக்கும் ஒரு துண்டைத் தாளில் வைத்துத் தந்த தாதி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பிடுங்கள், பசியோடு இருக்கிறீர்கள்” என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் அண்ணன் மயக்கத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

மூன்றாம் நாள் மிஸ் பார்க்க வந்தாள். இரண்டு தோடம்பழம் கொண்டுவந்திருந்தாள். கட்டிலருகில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் அவளை அன்றுதான் முதன்முதல் பார்க்கிறார்.

“எலி மிஸ் நீங்கதானா?”

“ஓம் அண்ணா.”

“ஒங்க அக்கா குடும்பம்?”

“இன்னும் ஒண்டும் தெரியேல்லை. முகாம்களில பேர்ப்பட்டியல் போடுறாங்களாம். போய்ப் பாக்க வேணும்.”

அண்ணன் வேறு ஒன்றும் கேட்கவில்லை.   அவள் ஒரு பழத்தை உரித்து, அண்ணன் சாப்பிடக்கூடாது என்று தாதி சொன்னதும், என்னிடம் தந்தாள்.

ஆடி மாதம் முடிவதற்குள் பட்டியலில் பெயர் கிடைத்தது. அக்காவும் மூத்த பிள்ளையும் முகாமில் இருந்தார்கள். இளையதும் அக்காவின் கணவரும் இல்லை. அவள் இரண்டு வாரம் முகாம் இருந்த வவுனியாவுக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினாள். ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்தாள், பட்டமும் வாங்கினாள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் இருந்தது. ஒரு பிரதியை எனக்குத் தந்தாள். ஆங்கிலம். பாதிக்கு மேல் விளங்கவில்லை. அட்டவணைகளில் இருந்த எண்களை மட்டும் அடையாளம் கண்டுகொண்டேன்.

அவள் பட்டம் வாங்கிய வருடக் கடைசியில் நான் இடமாற்றம் கேட்டு எழுதினேன். மேடம் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அடுத்த ஆராய்ச்சிக்கு நீங்கள் வேண்டும், இப்படி ஒழுங்காக எழுதும் ஆள் எனக்குக் கிடைக்காது என்றார். சொல்வதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை. “களைத்துப்போய்விட்டேன் மேடம்” என்று மட்டும் சொன்னேன். அவர் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, “நானும்தான்” என்றார். இப்போது பால் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். போத்தல்கள் மட்டும்தான். எதற்கும் வலிக்காது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அண்ணன் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். பை கழன்றுவிடும் என்ற பயத்தில் முதலில் கட்டிலை விட்டே இறங்கவில்லை. பையைத் தோலில் ஒட்டும் பசைத் தட்டை அளவாக வெட்ட அண்ணிதான் பழகிக்கொண்டார். தோல் புண்ணானது, ஆறியது, மறுபடி புண்ணானது. இரண்டு தடவை அவர் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுகமாகிவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரத்தம் நின்றுவிட்டது. கன்னத்தில் சதை வந்தது. கூனல் நிமிர்ந்தது.

வேலைக்குத் திரும்பிப் போன அன்று காலை, அண்ணியை வெளியே நிறுத்திவிட்டுத் தானே பையை மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருந்தார். வாசலில் நின்று, “வெளியில தெரியுதா?” என்று எங்கள் இருவரையும் கேட்டார்.

“தெரியல” என்றேன்.

“உண்மையா சொல்லு.”

“கொஞ்சம் தெரியுது.”

சட்டையைக் குனிந்து பார்த்தார், ஒரு பக்கமாக இழுத்துவிட்டார். “தெரிஞ்சாத் தெரியட்டும்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.